காவல்துறைச் சான்றிதழ்: அமெரிக்க வாழ்க்கைத்துணை விசா நடைமுறையில்

காவல்துறைச் சான்றிதழ் என்பது ஒருவரைப் பற்றித் தம் குற்றப் பதிவேட்டில் என்ன உள்ளது, அல்லது ஏதும் இல்லை, என்று ஒரு நாட்டின் உரிய அதிகாரிகள் எழுத்தில் தரும் ஆவணம். இந்தியாவில் இதைப் 'பிசிசி' என்றும், இலங்கையில் 'பொலிஸ் ரிப்போர்ட்' என்றும் பேச்சுவழக்கில் சொல்வார்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவரோ வெளிநாட்டில் இருக்கும் தம் கணவரை அல்லது மனைவியை அழைத்துக்கொள்ளும்போது, வரவிருக்கும் துணை இதைச் சமர்ப்பித்தாக வேண்டும். குடிமக்களின் துணைவருக்கான ஐஆர்-1, சிஆர்-1 விசாக்களுக்கும், நிரந்தர வசிப்பாளரின் துணைவருக்கான எஃப்2ஏ பிரிவுக்கும் இது பொது விதி.

சான்றிதழைக் கேட்கும் விதி உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். அதை வழங்கும் முறையோ நாட்டுக்கு நாடு மாறுகிறது. சில நாடுகள் விரல்ரேகையைக் கொண்டு தேடுகின்றன, சில பெயரைக் கொண்டு தேடுகின்றன, சில குடியிருந்த முகவரிக்கு ஆளனுப்பி விசாரிக்கின்றன. விண்ணப்பதாரரின் வேலையில் பெரும்பகுதி, இந்த வெவ்வேறு முறைகளில் கிடைப்பதை அந்த ஒற்றை விதிக்குப் பொருந்தச் செய்வதே.

சட்ட அடிப்படை

அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டத்தின் 222ஆம் பிரிவு, குடியேற்ற விசா கேட்பவர் தம்மைப் பற்றிய காவல்துறைப் பதிவு, சிறைப் பதிவு, ராணுவப் பதிவு, பிறப்புப் பதிவு ஆகியவற்றின் நகல்களைத் தர வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 212ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காக ஒருவருக்கு விசா மறுக்கப்படும் என்று பட்டியலிடுகிறது. அதில் உள்ள குற்றவியல் காரணங்கள் விண்ணப்பதாரருக்குப் பொருந்துமா என்று தூதரக அதிகாரி முடிவுசெய்ய உதவுவதே சான்றிதழின் பயன். நற்சான்றிதழ் என்று பேச்சில் சொன்னாலும் இது ஒருவரின் குணத்துக்கு அளிக்கும் உறுதிமொழி அல்ல. வழங்கிய நாளில் பதிவேட்டில் இருந்ததை மட்டுமே அது சொல்லும்.

யாருக்கு, எந்த நாட்டிலிருந்து

16 வயது நிரம்பிய ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் விதி பொருந்தும். எந்த நாட்டுச் சான்றிதழ் தேவை என்பதைக் குடியிருந்த காலமே தீர்மானிக்கிறது.

- குடியுரிமை உள்ள நாட்டில் 6 மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் அந்நாட்டுச் சான்றிதழ்.
- தற்போது வேறு நாட்டில் 6 மாதத்துக்கு மேல் வசித்துவந்தால் அந்நாட்டுச் சான்றிதழ்.
- முன்பு வேறு நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருந்து, அப்போது 16 வயது ஆகியிருந்தால் அந்நாட்டுச் சான்றிதழ்.
- எங்கேனும், எந்தக் காரணத்துக்காகவேனும் கைதாகியிருந்தால், தங்கிய காலமும் அப்போதைய வயதும் எதுவாயினும் அவ்விடத்துச் சான்றிதழ்.

திருச்சியில் பிறந்து வளர்ந்து, பெங்களூரில் மூன்று ஆண்டும் சிங்கப்பூரில் இரண்டு ஆண்டும் துபாயில் எட்டு மாதமும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு இந்தியச் சான்றிதழும் சிங்கப்பூர்ச் சான்றிதழும் தேவை. துபாயில் கைதாகியிருந்தாலொழிய அங்கிருந்து எதுவும் தேவையில்லை. அவரே திருமணத்துக்கு முன் கே-1 எனப்படும் நிச்சயிக்கப்பட்டவர் விசாவில் செல்வதாக இருந்தால் நிலைமை மாறும். அந்த விசாவுக்கு, 16 வயதுக்குப் பின் 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த எல்லா நாடுகளும் கணக்கில் வருவதால் துபாய்ச் சான்றிதழும் வாங்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் வசித்த காலத்துக்கு அமெரிக்கக் காவல்துறைச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. அழைப்பவரும் இத்தகைய சான்றிதழ் தர வேண்டியதில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் ஆடம் வால்ஷ் சட்டப்படி, சிறாருக்கு எதிரான குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர் குடும்ப உறவினரை அழைக்கப் பொதுவாகத் தடை உண்டு.

விசா நடைமுறையில் இதன் இடம்

அழைப்பவர் தாக்கல்செய்யும் ஐ-130 மனு ஏற்கப்பட்டதும், கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். விண்ணப்பதாரர் இணையவழியில் நிரப்பும் டிஎஸ்-260 படிவம், 16 வயது முதல் வசித்த எல்லா முகவரிகளையும் கேட்கிறது. எந்த நாட்டுச் சான்றிதழ் வர வேண்டும் என்பது இந்த முகவரிப் பட்டியலிலிருந்தே தெரிந்துவிடும். பட்டியலில் ஒரு நாட்டில் இரண்டு ஆண்டு என்று எழுதிவிட்டு அந்நாட்டுச் சான்றிதழை இணைக்காவிட்டால் கோப்பு முன்னே நகராது.

சான்றிதழை ஸ்கேன் செய்து பிற குடிசார் ஆவணங்களோடு பதிவேற்ற வேண்டும். அசலை நேர்காணலுக்குக் கையில் கொண்டுபோக வேண்டும். அங்கே ஏதேனும் குறைந்தால் அதிகாரி 221(ஜி) பிரிவின்கீழ் விசாவை அப்போதைக்கு மறுத்து, வேண்டிய ஆவணத்தைக் கேட்டுக் கடிதம் தருவார். ஓராண்டுக்குள் அதைக் கொடுக்காவிட்டால் மீண்டும் விண்ணப்பித்து மீண்டும் கட்டணம் செலுத்த நேரும்.

ஒவ்வொரு நாட்டிலும் சான்றிதழை யார் வழங்குகிறார்கள், எப்படி விண்ணப்பிப்பது, எந்த வடிவம் ஏற்கப்படும் என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறை நாடுவாரியாக வெளியிட்டுள்ளது. அதில் குறிப்பிட்ட அலுவலகம் வழங்கியதே செல்லும். வேலைக்காகவோ வாடகை வீட்டுக்காகவோ உள்ளூர்க் காவல்துறை தரும் சரிபார்ப்பு அறிக்கை அதற்கு ஈடாகாது.

நாடுகளின் வழங்குமுறை

இந்தியாவில் இச்சான்றிதழைத் தருவது பாஸ்போர்ட் அலுவலகம். பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, குறித்த நாளில் சேவா மையத்துக்குச் செல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவா மையங்களிலும் இந்த வசதி உள்ளது. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியிலிருந்து வீடு மாறியிருப்பது போன்ற சூழல்களில் காவல்நிலைய விசாரணைக்குப் பிறகே சான்றிதழ் வரும். எந்த நாட்டுக்காக என்பது சான்றிதழிலேயே குறிக்கப்படுவதால் ஒரு நாட்டுக்கென வாங்கியதை இன்னொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. வெளிநாட்டில் வாழும் இந்தியர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாகப் பெறலாம். இலங்கையில் கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம் வழங்குகிறது. விண்ணப்பதாரர் வசித்த முகவரிகள் அந்தந்தப் பகுதிப் பொலிஸ் நிலையங்கள் வழியாகச் சரிபார்க்கப்படுவதால், பல ஊர்களில் வசித்தவருக்குக் கூடுதல் காலம் பிடிக்கலாம்.

சிங்கப்பூர்க் காவல்துறை, விரல்ரேகையின் அடிப்படையில் சான்றிதழ் தருகிறது. குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவர், வெளிநாட்டு அரசு இதைக் கேட்டிருப்பதற்கான எழுத்துச் சான்றைக் காட்ட வேண்டும். வேலை அனுமதியில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர். மலேசியாவில் பதிவேட்டைச் சோதிப்பது காவல்துறை என்றாலும், 'சிஜில் கெலாகுவான் பாயிக்' என்ற நன்னடத்தைச் சான்றிதழை வழங்குவது வெளியுறவு அமைச்சு. ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்துறை அமைச்சின் தளத்திலோ துபாய்க் காவல்துறையிடமோ விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து வந்துவிட்டவர்கள் விரல்ரேகைத் தாளை அமீரகத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டிய நிலை வரலாம். ஆகவே வளைகுடாவில் வேலையை முடிப்பவர்கள் புறப்படுமுன்பே சான்றிதழை வாங்கிவைத்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

பிரிட்டனில் அக்ரோ குற்றப்பதிவு அலுவலகம் வழங்குகிறது. பதிவே இல்லாதவருக்கு 'நோ டிரேஸ்' என்று வரும். 'நோ லைவ் டிரேஸ்' என்று வந்தால், பழைய பதிவொன்று உள்ளது, அலுவலகத்தின் விதிப்படி அது இப்போது வெளியிடப்படுவதில்லை என்று பொருள். இரண்டும் கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் அமெரிக்கத் தூதரகம் இரண்டாவதற்கு விளக்கம் கேட்கும். கனடாவில் அரச கனடியக் குதிரைக் காவல்படை, விரல்ரேகையைச் சோதித்துச் சான்றளிக்கிறது. நகரக் காவல்துறை பெயரைக் கொண்டு தேடித் தரும் அறிக்கை அதற்கு மாற்றாகாது.

இலங்கைத் தமிழர் பலர் குடியேறிய ஜெர்மனியிலும் பிரான்சிலும் இப்பொறுப்பு நீதித்துறையிடம் இருக்கிறது. ஜெர்மானியச் சான்றிதழைப் பான் நகரிலுள்ள மத்திய நீதி அலுவலகம் 13 யூரோ கட்டணத்தில் வழங்குகிறது. பிரான்சில் நான்ட் நகரிலுள்ள தேசியப் பதிவகம் 'மூன்றாம் எண் அறிக்கை' என்ற பெயரில் இலவசமாகவே தருகிறது.

கிழக்காசியாவில் ஆவணம் கைக்கு வரும் விதமே வேறு. ஜப்பானில் மாகாணக் காவல் தலைமையகம் முத்திரையிட்ட உறையில் தரும். அதை விண்ணப்பதாரர் பிரித்துவிட்டால் செல்லாது. ஹாங்காங் காவல்துறை சான்றிதழை விண்ணப்பதாரரிடம் தராமல், கேட்ட தூதரகத்துக்கே நேரடியாக அனுப்புகிறது. சீனாவில் காவல்நிலையம் தரும் குறிப்பை வைத்து, நோட்டரி அலுவலகம் மொழிபெயர்ப்போடு கூடிய ஆவணத்தைத் தயாரிக்கிறது. தென்கொரியாவில் காலாவதியான தண்டனைகளையும் உள்ளடக்கிய அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும்.

செல்லுபடிக்காலம்

சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். முன்பு வசித்த நாட்டிலிருந்து பெற்று, அதன் பிறகு அந்நாட்டுக்குத் திரும்பிச் செல்லாதவருக்கு இந்த வரம்பு இல்லை. ஆள் அங்கு போகாதபோது பதிவில் புதிதாக எதுவும் சேர வழியில்லை என்பதே இதன் தர்க்கம். சான்றிதழ் வாங்கிய பின் அந்நாட்டுக்கு மீண்டும் போயிருந்தால் சலுகை பொருந்தாது. இதனால் விட்டுவந்த நாடுகளின் சான்றிதழ்களை முதலிலும், இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழைக் கடைசியிலும் வாங்குவது வசதியானது. எஃப்2ஏ பிரிவில் ஆண்டு ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க நேரலாம் என்பதால் அப்பிரிவினருக்கு இந்த வரிசை கூடுதல் முக்கியம். சான்றிதழ் அந்நாட்டில் வசித்த காலம் முழுவதையும் உள்ளடக்கியிருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.

பெயரும் மொழியும்

இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களும் சோதிக்கப்பட வேண்டும். திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்ட பெண்ணுக்குத் தந்தை பெயரோடு இருந்த பழைய பெயரிலும் தேடல் நடக்க வேண்டும். பரம்பரைக் குடும்பப்பெயர் வழக்கமில்லாத தமிழர்களுக்கு இங்கே தனிச்சிக்கல் உண்டு. ஒரு பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தாக இருந்த தந்தை பெயர், அடுத்ததில் விரிந்து குடும்பப்பெயர்க் கட்டத்தில் ஏறியிருக்கும். வளைகுடா நாட்டு அடையாள அட்டையில் அதே பெயர் அரபு ஒலிப்பின் வழியே வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். பழைய பாஸ்போர்ட் எண்ணையும் எல்லாப் பெயர் வடிவங்களையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டால் இந்தக் குழப்பம் குறையும்.

ஆங்கிலத்திலோ நேர்காணல் நடக்கும் நாட்டின் ஆட்சிமொழியிலோ இல்லாத சான்றிதழுடன் மொழிபெயர்ப்பும் வேண்டும். மொழிபெயர்ப்பு சரியானது என்றும் தமக்கு அதற்கான தகுதி உண்டு என்றும் மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

பதிவில் குற்றம் இருந்தால்

குற்றப்பதிவு இருப்பதனாலேயே விசா மறுக்கப்படுவதில்லை. ஒழுக்கக்கேடான குற்றங்கள் என்று அமெரிக்கச் சட்டம் வகைப்படுத்துபவை, போதைப்பொருள் குற்றங்கள், மொத்தத் தண்டனை 5 ஆண்டோ அதற்கு மேலோ வரும் பல குற்றங்கள் ஆகியன தடையாகும். ஒழுக்கக்கேடான குற்றம் ஒன்றே ஒன்றாக இருந்து, அதற்குரிய உச்சத் தண்டனை ஓராண்டுக்கு மிகாமலும், விதித்த தண்டனை 6 மாதத்துக்கு மிகாமலும் இருந்தால் சிறுகுற்ற விலக்கு உண்டு. கைது எதற்காக, வழக்கு எப்படி முடிந்தது என்பதை நீதிமன்ற ஆவணங்களால் காட்ட வேண்டும். விடுதலையான வழக்குக்கும் இது பொருந்தும்.

சொந்த நாடு குற்றத்தை மன்னித்ததோ பதிவை நீக்கியதோ அமெரிக்க விசாவைப் பொறுத்தவரை தடையை அகற்றாது. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி காலம் கடந்துவிட்ட தண்டனைகளையும் அமெரிக்க விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். தடை உள்ளவர், விசா கிடைக்காவிட்டால் அமெரிக்காவிலுள்ள துணைக்கு மிகுந்த இன்னல் நேரும் என்று காட்டி ஐ-601 படிவத்தில் விலக்கு கோரலாம். போதைப்பொருள் குற்றங்களில் 30 கிராமுக்கு மிகாத கஞ்சாவைத் தன்னிடம் வைத்திருந்த ஒற்றைக் குற்றத்துக்கு மட்டுமே இவ்விலக்கு எட்டும். விசா முடிவைப் பாதிக்கக்கூடிய பதிவை வேண்டுமென்றே மறைத்தது தெரியவந்தால் அது பொய்த்தகவல் என்ற தனித் தடையாகி, விலக்கு கிடைத்தாலன்றி வாழ்நாள் முழுவதும் தொடரும். மறைக்க முயன்ற குற்றத்தைவிட மறைத்ததே பெரிய இடராக முடிவதுண்டு.

சான்றிதழ் கிடைக்காதபோது

போரினாலோ ஆட்சிக் குலைவினாலோ பதிவேடுகளே இல்லாமற்போன நாடுகள் உண்டு. சில நாடுகள் அங்கு இப்போது வசிக்காத வெளிநாட்டவருக்குச் சான்றிதழ் தருவதில்லை. வெளியுறவுத் துறையின் நாட்டுக் குறிப்பிலேயே 'கிடைக்காது' என்று இருந்தால் அதைத் தர வேண்டியதில்லை. கிடைக்கும் என்று குறிப்பில் இருந்தும் ஒருவருக்குக் கிடைக்கவில்லை என்றால், விண்ணப்பித்ததற்கும் மறுக்கப்பட்டதற்குமான எழுத்துச் சான்றுகளையும் விளக்கக் கடிதத்தையும் தரலாம். ஆவணம் பெற இயலாதது என்று அதிகாரிக்கு மனநிறைவு ஏற்பட்டால் மாற்றுச் சான்றை ஏற்க 222ஆம் பிரிவே இடமளிக்கிறது. முடிவு அவர் கையில்.

பிற நாடுகளின் விதிகள்

துணைவரை அழைக்கும் பிற நாடுகள் காலத்தை வேறு விதமாகக் கணக்கிடுகின்றன. கனடா பொதுவாக, 18 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வசித்த நாடுகளைக் கேட்கிறது. ஆஸ்திரேலியா, 16 வயதுக்குப் பின், கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதமோ அதற்கு மேலோ வசித்த நாடுகளைக் கேட்கிறது. அமெரிக்கா 16 வயது வரை பின்னோக்கிச் செல்வதால், 50 வயதில் மறுமணம் செய்பவர் 20 வயதில் வேலை பார்த்த நாட்டையும் நாட வேண்டியிருக்கும். கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பிப்போர் அமெரிக்காவில் வசித்திருந்தால் அந்தக் காலத்துக்கும் சான்று வேண்டும். அதை எஃப்பிஐ 18 டாலர் கட்டணத்தில் விரல்ரேகையைச் சோதித்து வழங்குகிறது.