தாங்குருளைக்குப் பகை மண்

வடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் பேருந்துப் பயணிக்கு மந்தாரக்குப்பம் ஒரு கடைத்தெரு மட்டுமே. அதற்கு அருகே நெய்வேலிச் சுரங்கத்தின் மேல்மண்ணும் பழுப்பு நிலக்கரியும் இரவு பகலாகக் கன்வேயர் பெல்ட்டில் நகர்ந்துகொண்டிருக்கின்றன. பெல்ட்டைத் தாங்குபவை வரிசை வரிசையான இரும்பு ரோலர்கள். ஒவ்வொரு ரோலரின் இரு முனையிலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பேரிங் உண்டு. தாங்குருளை என்று தமிழில் சொல்லலாம். நெய்வேலியின் வரலாற்றில் இச்சிறு வளையத்துக்கும் ஒரு பக்கம் உண்டு.

1794இல் வேல்ஸ் நாட்டு பிலிப் வாகன் வண்டி அச்சுக்குள் குண்டுகளை உருளவிட்டுக் காப்புரிமை பெற்றார். ஆனால் குண்டுகள் அனைத்தும் ஒரே அளவில் அமையாவிட்டால் சுமை சிலவற்றின் மீதே விழும். 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிஷ் ஃபிஷர் அமைத்த அரைவை இயந்திரம் இக்குறையைத் தீர்த்தது. அடுத்த இடையூறு மண்ணிலிருந்து வந்தது. சுவீடனின் கோதன்பர்க் நகரில் களிமண் தரை மீது நின்ற நெசவாலையில், தரை அசைய அசைய அச்சுகள் கோணின. அங்கே பொறியாளராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட், அச்சு கோணினாலும் தானே நேராகிக்கொள்ளும் இருவரிசைத் தாங்குருளையை 1907இல் உருவாக்கினார். 1947இல் லுண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் ஆயுட்கணக்கை வகுத்தனர்: குண்டுத் தாங்குருளையில் சுமை பாதியானால் ஆயுள் எட்டு மடங்காகும்.

அந்தக் கணக்கு தூய கிரீஸை நம்பிப் போட்டது. நெய்வேலியின் நிலமோ வேறு. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இடையில் இருந்தது கடலூர் மணற்கல். ஜெர்மானிய வாளிச்சக்கர இயந்திரங்களின் பற்களையே தேய்த்த கல் அது; வெடிவைத்துத் தளர்த்திய பிறகே வெட்ட முடிந்தது. அதன் துகள் கிரீஸில் கலந்தால் எஃகுப் பாதை அரைபட்டுவிடும். அதன் பின் எட்டு மடங்குக் கணக்கு ஏட்டோடு நின்றுவிடும்.

ஆகவே வடிவமைப்பாளரின் கவலை குண்டிலிருந்து மூடிக்கு நகர்ந்தது. ரப்பர் உதடு அச்சோடு ஒட்டி உரசினால் தூசி நுழையாது; ஆனால் உராய்வு கூடும். ஒரு ரோலரில் அது அற்பம். ஆயிரம் ரோலர்களில் மோட்டாருக்குப் பெருஞ்சுமை. ஒட்டாமல் சிற்றிடைவெளி விட்டால் உராய்வு குறையும், தூசி வரும். இரண்டுக்கும் நடுவே கண்ட வழி புதிர்ப்பாதை அடைப்பு: ஒன்றுக்குள் ஒன்று செருகிய வளையங்கள், இடுக்கில் கிரீஸ். தூசி பலமுறை திரும்பித் திரும்பித்தான் உள்ளே போக வேண்டும். பெரும்பகுதி வழியிலேயே சிக்கிக்கொள்ளும்.

அடைப்பு தோற்றால் நட்டம் ஒரு பேரிங்கோடு முடிவதில்லை. இறுகிய ரோலர் மீது பெல்ட் தேய்கிறது, சூடு ஏறுகிறது. அருகே படிந்திருப்பது எளிதில் பற்றும் நிலக்கரித் தூள். உலகெங்கும் நிலக்கரிச் சுரங்கங்களில் பெல்ட் தீ இவ்வாறும் தொடங்கியிருக்கிறது. பெல்ட்டை ஒட்டி நடக்கும் தொழிலாளி கீச்சொலி கேட்ட இடத்தில் நிற்பது அதனால்தான். அவர் உயிருக்குக் காவலாக இருப்பது ஒரு மில்லிமீட்டர் இடுக்கில் தங்கிய கிரீஸ்.