சட்டத்துக்குள் கறை

பழைய திருப்படம் ஒன்றைச் சட்டமிடக் கொண்டுபோனால், படக்கடைக்காரரின் கண் முதலில் கறையின்மேல்தான் விழும். ஓரத்துக் கறையென்றால், மவுண்ட் அட்டையைச் சற்று உள்ளே இழுத்து மறைத்துவிடுவார். திருமுகத்தின் மேலேயே கறை படிந்திருந்தால்? வெளுத்துவிடலாம் என்பார் உண்டு. ஆனால் கடுமையாக வெளுத்த காகிதம் நாளடைவில் நொறுங்கும். இச்சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்த துணி ஒன்று உண்டு. அதுவே தூரின் நகரத் திருச்சவச்சீலை.

அது எக்காலத்தது என்னும் வழக்கில் நாம் இங்கே நுழையவில்லை. 1988ஆம் ஆண்டின் கார்பன் ஆய்வு 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றது. அதனை ஏற்காதோரும் உளர். நம் கவலை கறைகளைப் பற்றியது.

1532 டிசம்பர் 4ஆம் நாள், பிரான்சு நாட்டின் இன்றைய சாம்பெரி நகரில், சவாய் பிரபுக்களின் சிற்றாலயம் தீப்பற்றியது. பேழையின் வெள்ளி உருகி, மடித்து வைத்திருந்த சீலையின்மேல் சொட்டி, அடுக்கு அடுக்காக எரித்துச் சென்றது. விரித்தபோது ஒரே துளை பல இடங்களில் வரிசையாகத் தெரிந்தது. நல்லவேளையாக, திருவுருவின் பெரும்பகுதி அவ்வரிசைகளுக்கு நடுவே தப்பியது. 1534இல் கிளாரா சபைக் கன்னியர் துளைகளுக்கு ஒட்டுத்துணி தைத்து, பின்புறம் ஹாலந்துத் துணி கொடுத்துத் தாங்கினர். அன்றைய அறிவுக்கு அது அன்பான பணி. ஆயினும் ஒட்டுகளின் அடியில் கரித்தூள் நூற்றாண்டுக் கணக்கில் தேங்கிற்று.

நீர்க்கறைகளின் கதை வேறு. தீயணைக்க ஊற்றிய நீரே அவற்றுக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். பின்னர் ஆய்வாளர் சிலர் மடிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். பெரிய நீர்க்கறைகள் 1532இன் மடிப்போடு பொருந்தவில்லை! அதற்கும் முன்னே, வேறொரு விதமாக மடித்திருந்த காலத்தில் அவை பட்டிருக்க வேண்டும் என்றனர். அழகுக்காக எவரேனும் அக்கறையைக் கழுவியிருந்தால், அந்தச் சாட்சியமும் நீரோடு போயிருக்கும்.

2002இல், துணிப் பாதுகாப்பு வல்லுநர் மெக்தில்ட் ஃப்ளூரி-லெம்பெர்க் அம்மையாரின் பொறுப்பில் ஒட்டுகளும் ஹாலந்துத் துணியும் அகற்றப்பட்டன. புதிய தாங்குதுணி தைக்கப்பட்டது. அறிஞர் பலரைக் கலக்காமல் செய்தனர் என்ற குறை எழுந்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஒருமுறை பிரித்த தையலை மீண்டும் அவ்வாறே போட இயலாதே. ஆனால் கரி துணியை மேலும் அரிக்கும் என்ற அச்சமும் பொய்யன்று. நம் எண்ணத்தில், செய்தது சரி. செய்த விதம் சற்று அவசரம்.

முன்பு உருளையில் சுற்றி வைத்திருந்த சீலை, 1998க்குப் பின் விரித்த நிலையிலேயே இருக்கிறது. ஆர்கான் வாயு நிரம்பிய பேழையில், ஒளி படாமல் காக்கின்றனர். 2010இலும் 2015இலும் மக்கள் பார்வைக்கு வைத்தபோது, ஒட்டு நீங்கிய துளைகளும் சாய்சதுர நீர்க்கறைகளும் கண்ணாடிக்குள் மறைப்பின்றித் தெரிந்தன.