அவளும் அவவும்: எமது ஆங்கில வகுப்பில் ஆண்பாலும் பெண்பாலும்

சங்கம் நூறாவது ஆண்டைத் தொடும் இவ்வேளையில், பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். அதிபர்களின் பெயர்களும் பரீட்சைப் பெறுபேறுகளும் இம்மலரின் வேறு பக்கங்களில் உள்ளன. அவற்றை விடுத்து, ஆங்கிலம் படித்தபோது பெண்ணைப் பற்றி நாம் எதைப் படித்தோம் என்று எழுதலாம் என எண்ணினோம்.

சந்திரனில் இருந்து தொடங்குவோம். எம்மிற் பலர் கையில் வைத்திருந்தது றென் அன்ட் மாட்டின் இலக்கணப் புத்தகம். 1930களில் இந்தியாவில் வெளியாகி, கடல் தாண்டி எம்மிடமும் வந்து, அக்காவிடமிருந்து தங்கைக்கு அட்டை கிழிந்த நிலையில் இறங்கிக்கொண்டிருந்த புத்தகம் அது. அதிற் பால் பற்றிய பாடத்தில் ஒரு விதி உண்டு. வலிமையும் வேகமும் உடைய பொருள்கள் ஆண்பால்: சூரியன், கோடை, மாரி, காலம், மரணம். அழகும் மென்மையும் உடையவை பெண்பால்: சந்திரன், பூமி, வசந்தம், இயற்கை. நூலாசிரியர் இருவருள் றென் என்பவர் பிரெஞ்சு அந்நியப் படையின் வீரதீரக் கதைகள் எழுதிப் பேர் பெற்ற நாவலாசிரியர் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது அந்த விதி எமக்கு ஓரளவு விளங்கிற்று. அன்றைக்கு விளங்கவில்லை. கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றி வந்த பிள்ளைகள் நாம். எங்கள் சந்திரனுக்கு மனைவியர் இருபத்தேழு பேர்.

"ரீச்சர், சந்திரன் ஆம்பிளை எல்லோ?" என்று பின்வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"கோயிலில அவர் ஆம்பிளை. சோதினையில அவ பொம்பிளை" என்றார் ரீச்சர்.

வகுப்புச் சிரித்தது. ஆனால் அந்தப் பட்டியல் எம் மனதிற் கிடந்தது. வலிமை ஆண்பால் என்றால் சக்தி யார்? போர் ஆண்பால் என்றால் கொற்றவை யார்? எமது மொழியில் வலிமைக்கே பெண்ணின் பெயர் இருக்கிறதே என்று சற்றுப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமை அடுத்த பாடவேளை வரைதான் நின்றது. தமிழ் இலக்கணப் பாடத்திலே தொல்காப்பியர் பெருமையையும் வலிமையையும் ஆணுக்கு வைத்து, அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்கு வைத்திருந்தார். ஈராயிரம் ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இலக்கணகாரர்கள் ஒரே பங்கீட்டைச் செய்திருந்தார்கள். மணியடித்ததும் ஒரு கொப்பியை மூடி மறு கொப்பியைத் திறந்து அதையே மறுபடி எழுதினோம்.

இந்த ஆங்கிலம் எம்மிடம் எப்படி வந்தது? 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்குச் செமினரி அமைத்தனர். அங்கே ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் படிப்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கு படித்தவர்களே. அடுத்த ஆண்டு, 1824இல், உடுவிலிற் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை திறந்தார்கள். அதன் நோக்கங்களுள் ஒன்றை அவர்கள் மறைக்கவில்லை: செமினரியிற் படித்த இளைஞருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவியர் வேண்டியிருந்தது. நோக்கம் அதுவாக இருந்தாலும் விளைவு அதனோடு நிற்கவில்லை. அப்பாடசாலையை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடத்திய எலைசா அக்னியூ அம்மையார் திருமணமே செய்யாதவர். ஒரு பெண் தன் தொழிலால் மட்டுமே ஊரில் மதிப்புப் பெற்று வாழலாம் என்பதை, எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாமலே, அவரைப் பார்த்து மாணவிகள் அறிந்திருப்பார்கள். பின்னர் 1834இல் வேம்படி, 1862இல் திருக்குடும்பக் கன்னியர் மடம், 1896இல் சுண்டுக்குளி, 1913இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருதனார்மடக் கல்லூரி என்று வரிசை நீண்டது.

பெண்ணுக்கு ஆங்கிலம் எதற்கு என்ற கேள்விக்கு நீண்ட காலம் வீட்டிற் கிடைத்த விடை, நல்ல மாப்பிள்ளை என்பதுதான். உத்தியோக மாப்பிள்ளை கொழும்பிலோ மலாயாவிலோ இருப்பார். மனைவி கடிதம் வாசிக்கவும் துரைமார் வந்தால் இரண்டு வார்த்தை பேசவும் வேண்டும். இன்னொரு விடையும் மெல்ல வந்தது. 1878இல் இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க இணங்கிற்று. 1892இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது. அந்தக் கதவுகள் எல்லாம் ஆங்கிலத்திலேயே திறந்தன. அதேவேளை, 1914இல் 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலை எழுதி, ஈழத்தின் முதற் பெண் நாவலாசிரியராகக் கொள்ளப்படும் மங்களநாயகம் தம்பையா, துன்புறும் ஒரு மனைவியின் கதையைத் தமிழிலேயே எழுதினார் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இனி எமது காலத்துக்கு வருவோம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. போதனாமொழி தாய்மொழியாகப் படிப்படியே மாறிற்று. எமக்கு மூத்த அக்காமாருக்கு ஆங்கிலம் எல்லாப் பாடங்களின் மொழி; எமக்கு அது ஒரு பாடம், இரண்டாம் மொழி. மில்டனும் வேட்ஸ்வர்த்தும் மேல் வகுப்புக்கு ஒதுங்க, கீழ் வகுப்புகளில் வாக்கியப் பயிற்சி வந்தது. ஆசிரியை கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதுவார், நாம் ஒவ்வொரு சொல்லாக மாற்றி மாற்றிக் கூட்டாகச் சொல்லுவோம். அம்மா சமைக்கிறா, அம்மா கூட்டுகிறா, அம்மா தைக்கிறா. அப்பா பத்திரிகை வாசிக்கிறார், அப்பா கந்தோருக்குப் போகிறார். அம்மாவைக் கந்தோருக்கு அனுப்பினாலும் வாக்கியத்தில் ஓர் இலக்கணப் பிழையும் வராது. ஒருநாளும் நாம் அனுப்பவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு எம் முன்னால் நின்றவர், காலை ஆறரை மணிக்குப் பஸ் பிடித்து வேலைக்கு வந்த ஒரு தாய். மாதக் கடைசியிற் சம்பளம் எடுத்தவர். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது, நாம் கவனிக்கவில்லை.

பொதுவாக ஒரு மனிதரைக் குறிக்கும்போது ஆங்கிலத்தில் 'அவன்' என்ற சொல்லையே வைக்கவேண்டும், அதற்குள் 'அவளும்' அடக்கம் என்றும் படித்தோம். இது வெறும் இலக்கண வழக்கம் அன்று. 1850இல் பிரித்தானியப் பாராளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று ஒரு சட்டமே செய்தது. எமக்கோ இந்தச் சங்கடம் பாதிதான். ஆசிரியர், வைத்தியர், நீதவான் யாராயினும் தமிழில் 'அவர்' என்று எழுதிவிட்டுப் போகலாம். அந்த 'அவரை' ஆங்கிலமாக்கச் சொன்னால் நாம் ஆணாக்கினோம். பெண் வைத்தியரிடம் மருந்து எடுத்து வளர்ந்த பிள்ளைகளும் கொப்பியில் வைத்தியரை ஆணாகத்தான் எழுதினார்கள்.

இன்னொன்றையும் இழந்தோம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'அவள்' வேறு, 'அவ' வேறு. அதிபர் அம்மாவை 'அவள்' என்று சொன்ன பிள்ளை தப்பியதில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். மகாராணியும் அதுதான், மீன்காரியும் அதுதான். இதை எம்மிற் சிலர் மரியாதைக் குறைவு என்றோம், சிலர் நல்லது என்றோம். இப்போது நினைக்கையில் நல்லது என்றவர்கள் பக்கமே நாம் சாய்கிறோம்.

உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் ஏழு பேர். 'ஜேன் அயர்' நாவலை வாசித்தோம். 1847இல் சார்லட் புறொன்ரி அதைக் கரர் பெல் என்ற, ஆணா பெண்ணா என்று தெரியாத பெயரில் வெளியிட்டார் என்பதே முதற் பாடம். (தமிழிலே ஓர் ஆண் தன் மனைவியின் பெயரான சுஜாதாவைப் புனைபெயராக்கிப் புகழ் பெற்றார். ஆண் பெண்பெயரில் எழுதினால் விளையாட்டு, பெண் பெயரை மறைத்தால் தற்காப்பு.) ஜேன் பெற்றோரில்லாதவள், சம்பளத்துக்குப் பிள்ளை படிப்பிப்பவள். றொச்செஸ்ரர் வீட்டுக்காரர், பணக்காரர், வயதில் மூத்தவர். தோட்டத்திலே கஷ்கொட்டை மரத்தடியில், தாங்கள் இருவரும் சமமானவர்கள் என்று அவள் அவருக்கு முகத்துக்கு நேரே சொல்லுகின்ற இடத்தை மொழிபெயர்த்து வரச் சொன்னார் ரீச்சர்.

மறுநாள் ஒருவரும் முழுதாகச் செய்துகொண்டு வரவில்லை. அகராதியில் எல்லாச் சொல்லும் இருந்தது. முன்னிலைச் சொல் ஒன்றுதான் இடறிற்று. ஆங்கிலத்தில் அவரும் அவளை அதே சொல்லால் அழைக்கிறார், அவளும் அவரை அதே சொல்லால் அழைக்கிறாள். தமிழில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று இருக்கிறது. அவர் அவளை 'நீர்' என்பதில் எமக்கு ஐயமே இல்லை. எங்கள் அப்பாமார் அம்மாமாரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்: 'இஞ்சாரும்.' அம்மாமாரின் மறுமொழி 'இஞ்சாருங்கோ.' அப்படியானால் ஜேன் 'நீங்கள்' என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் 'நீங்களும் நானும் சமம்' என்று எழுதினால் அந்த வாக்கியமே தன்னைப் பொய்யாக்குகிறதே என்றாள் ஒருத்தி. 'நீரும் நானும்' என்று எழுதினால் வாய்க்கொழுப்பு மாதிரிக் கேட்குது என்றாள் மற்றவள். மூன்றாமவள் வீட்டிலே தாயிடம், "அப்பாவை எப்பவாவது நீர் எண்டு சொல்லியிருக்கிறீங்களோ?" என்று கேட்டிருக்கிறாள். தாய் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாவாம். போனவ, சற்று நேரத்தில் திரும்பி வந்து, "மனதுக்குள்ள சொல்லியிருக்கிறன்" என்றாவாம்.

அந்தப் பாடவேளை முழுவதும் இதிலேயே போயிற்று. கடைசியில் ரீச்சர், "அந்த இடத்தில 'நாம்' எண்டு போட்டுப் பாருங்கோ" என்றார். தமிழில் 'நாங்கள்' கேட்பவரை விலக்கும், 'நாம்' சேர்க்கும்; ஆங்கிலத்துக்கு அந்த வேறுபாடு இல்லை. போட்டுப் பார்த்தோம். வாக்கியம் நின்றது. நல்ல மொழிபெயர்ப்பா என்று இன்றும் எம்மிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சிலே ஓர் ஏணி இருக்கிறது, அதில் அம்மா ஒரு படி கீழே நிற்கிறா என்பதை நாம் கண்டது அன்றுதான், அதுவும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தின் வழியாக. தமிழை மட்டும் படித்திருந்தால் அது எமக்குக் காற்றைப் போல இருந்திருக்கும். ஆங்கிலத்தை மட்டும் படித்திருந்தால் ஏணி இருந்த இடமே தெரிந்திராது.

எமது மொழியிற் பெருமைப்பட வேறு ஒன்றும் கண்டெடுத்தோம். கணவனை இழந்தவளுக்கு எல்லா மொழியிலும் பெயருண்டு. மனைவியை இழந்தவனுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் பெண்ணின் பெயரிலிருந்து பிறந்தது. தமிழில் அவனுக்குத் தனிச்சொல்லே உண்டு: தபுதாரன். தொல்காப்பியர் காஞ்சித்திணையிலே 'தபுதார நிலை' என்று அவனது துயருக்கும் ஓர் இடம் வைத்தார். இன்று அச்சொல்லை நாம் அரச ஓய்வூதியப் படிவத்தில் மட்டும் காண்கிறோம். ஊரில் அவனுக்குப் பெயரும் இல்லை, வெள்ளைச் சேலையும் இல்லை.

பெயர் என்று வந்தபடியால் இந்த மலர் தொடர்பான ஒன்றையும் சொல்லவேண்டும். ஆங்கில வகுப்பிற் கடிதம் எழுதப் பழக்கினார்கள். கடித உறையில் மணமான பெண்ணை விலாசமிடும் முறை இது: திருமதி, அதன்பின் கணவரின் முதலெழுத்து, கணவரின் பெயர். அவளது பெயர் உறையில் எங்கும் வராது. அதுவே நாகரிகம் என்று எழுதிப் பழகினோம், புள்ளிகளும் பெற்றோம். வல்வெட்டித்துறையிற் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலின் கதை எமக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ஓர் அமெரிக்கர் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார்: 'புளோரன்ஸ் சி. றொபின்சன்.' 1938இல் அது மசாசுசெற்சில் உள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. றொபின்சன் என்பது கணவரின் பெயர். நடுவில் நிற்கும் 'சி' என்ற ஒற்றை எழுத்துத்தான் அந்தப் பெண் பிறந்த வீட்டின் மிச்சம். எங்கள் அன்னபூரணிக்கு அதுவும் மிஞ்சவில்லை.

நூற்றாண்டுக்காகப் பழைய மாணவிகளைத் தேடத் தொடங்கியபோது இது எம்மையே தாக்கிற்று. பாடசாலை இடாப்பிற் பிள்ளையின் பெயரும் தகப்பனின் முதலெழுத்தும் உள்ளன. சங்கத்தின் பழைய அங்கத்தவர் பட்டியல்களிலோ கணவன்மாரின் பெயர்கள். இரண்டையும் பொருத்த வழியில்லை. ரொறன்ரோ, இலண்டன், சிட்னி என்று சிதறிய பின் இன்னும் சிக்கல். அங்கே தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, பிறகு அதுவும் மாறிவிடுகிறது. கூடவே ஓடிப் பிடித்து விளையாடியவர்கள், ஒரே வாங்கில் இருந்தவர்கள், எமது பட்டியலிலேயே இருந்தும் இன்னாரென்று தெரியாமல் இருக்கிறார்கள். சிலர் இறந்த செய்தி வந்தபோதுகூட அது யாரென்று எமக்குத் தெரியவில்லை. மரண அறிவித்தலில் இருந்த சிறுவயதுப் படத்தைக் கண்டுதான் அழுதோம்.

எனவே இம்மலரின் இறுதியில் உள்ள பெயர்ப்பட்டியலில், செல்வி, திருமதி என்ற அடைகளை நீக்கி, இடாப்பில் இருந்த பெயரை முதலிலும் இப்போதைய பெயரைப் பின்னாலும் அச்சிட்டிருக்கிறோம். இதனால் மனம் கோணியவர்களும் உள்ளனர். அவர்களின் கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுதியுள்ளோம். இருநூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இரண்டாம் பெயர் வெறுமையாக இருக்கிறது. பட்டியலைப் பாருங்கள். உங்கள் வாங்கில் இருந்தவளின் பெயர் அதில் நின்றால், அவ இப்போது எந்தப் பெயரில் எங்கே இருக்கிறா என்று எமக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.