திருகு தளர்வதா, வேர் பிளப்பதா? பல் உள்வைப்பின் இணைப்பும் விசையின் போக்கும்

முல்லைப் பெரியாறு அணை 1895இல் சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையால் கட்டி முடிக்கப்பட்டது. 1979க்குப் பிறகு அதை வலுப்படுத்தியபோது, உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு, எஃகு வடங்களை இறக்கி, இழுத்துப் பூட்டினார்கள். நீர் தள்ளும்போதும் அந்த முன்னிறுக்கம் அணையைப் பாறையோடு அழுத்தியே வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் உள்வைப்புப் பல்லால் முறுக்கைக் கடிக்கும்போதும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது.

தாடை எலும்பில் டைட்டானிய வேர், அதன்மேல் செயற்கைப் பல்லை, அதாவது கிரீடத்தைத் தாங்கும் அபட்மென்ட், இரண்டையும் பிணைக்கும் ஒரு சிறு திருகு. பெரும்பாலும் 20 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்குவிசையில் முடுக்கும்போது, திருகு இம்மியளவு நீண்டு, ஸ்பிரிங்போல இரு பாகங்களையும் இழுத்துப் பிடிக்கிறது. பக்கவாட்டுக் கடி அந்தப் பிடியை மீறினால் இடையில் நுண்ணிய வாய் திறக்கும். அதன்பின் வளைவு முழுவதும் திருகின் மேல்தான். முடுக்கியவுடன் மரைகளின் நுண்மேடுகள் நசுங்கி இறுக்கம் சற்றுக் குறைவதால், பத்து நிமிடம் பொறுத்து மறுபடி முடுக்கச் சொல்வது வழக்கம்.

1965இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் பிரோனமார்க் முதல் நோயாளிக்கு டைட்டானிய வேர்களைப் பதித்தார். அவரது அமைப்பில் வேரின் தலையில் 0.7 மில்லிமீட்டர் உயர அறுகோணம் துருத்தி நிற்கும். வேரை எலும்புக்குள் முடுக்கப் பிடிமானமாக இருப்பதே அதன் வேலை. பல வேர்களைச் சேர்த்துக் கட்டிய முழு வரிசைக்கு அது போதுமானதாக இருந்தது. ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு அதையே பயன்படுத்தியபோது திருகுத் தளர்வு பெரிய தலைவலியானது.

அடுத்து வந்தவை உள்ளிணைப்புகள். அவற்றில் கூம்பு வடிவம் மண்வெட்டிக் காம்பை நினைவூட்டும்: சரிவாகச் செதுக்கிய முனை துளைக்குள் இறங்க இறங்கச் சுவரே அதைக் கவ்விக்கொள்கிறது. வளைவைத் திருகு தனியாகச் சுமக்காமல் வேரின் சுவர் பங்கிட்டுக்கொள்கிறது.

ஆனால் அந்தச் சுவர் எவ்வளவு தடிமன்? இதுவே கேட்க வேண்டிய கேள்வி. இணைப்பு விசையை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. குறுகிய வேரில் கூம்புக்காகக் குடைந்தபின் எஞ்சும் உலோகம் மெல்லியது. பலநாள் கடியில் அது பிளக்கலாம். தளர்ந்த திருகைச் சில நிமிடங்களில் மாற்றலாம். பிளந்த வேரையோ எலும்போடு குடைந்துதான் எடுக்க வேண்டும். பல் உள்வைப்புகளின் தாங்குதிறனை அளக்கும் ஐஎஸ்ஓ 14801 சோதனை 30 பாகைச் சாய்வில், 3 மில்லிமீட்டர் எலும்பு தேய்ந்த நிலையை வைத்து, 50 லட்சம் சுழற்சிகள் வரை விசை கொடுக்கிறது. எலும்பும் உலோகமும் பிசிறின்றி ஒட்டியிருப்பதாகக் கொண்டு ஒரே ஒரு கடியைக் கணக்கிடும் கணினி மாதிரியைவிட இந்தச் சோதனையே நம்பத்தக்கது.

கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூரிலிருந்து சிகிச்சைக்கு மதுரை போக நூறு கிலோமீட்டருக்கு மேல். திருகு தளர்ந்தால் தோட்ட வேலைக்காரருக்கு ஒருநாள் கூலி போகும். வேர் பிளந்தால் பல மாதங்கள் போகும். ஆகவே ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு, எலும்பு இடம் தந்தால், அகலமான வேரில் கூம்பிணைப்பே பொருத்தம். எலும்பு குறுகலாக இருந்தால் இணைப்பின் பெயரை நம்பாமல், கிரீடத்தின் மெல்லும் பரப்பைச் சுருக்கி, முகடுகளைத் தாழ்த்த வேண்டும்.

அமைப்பின் பெயர், வேரின் அளவு, முடுக்கிய விசை மூன்றையும் எழுதிய அட்டை நோயாளியின் கையில் இருக்க வேண்டும். திருகுத் தலைக்கேற்பச் சாவியும் மாறுகிறது. அட்டை இல்லாமல் வருபவருக்கு, எக்ஸ்ரேயில் தெரியும் இணைப்பின் வடிவத்தைப் பார்த்துத்தான் எந்த நிறுவனத்தின் வேர் என்று மருத்துவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.