நால்வருக்கு ஒரு குரல்: வழக்காய்வுப் போட்டியின் முன்வரலாறு

வணிக வழக்காய்வுப் போட்டி, மாணவர் பேச்சில் 'கேஸ் காம்பெட்டிஷன்', இந்திய மேலாண்மைக் கல்விக்கூடங்களில் இன்று ஏறத்தாழ ஒரு சடங்கு. மூவரோ நால்வரோ கொண்ட அணி, ஒரு நிறுவனத்தின் சிக்கலை விவரிக்கும் சில பக்கங்கள், குறுகிய அவகாசம், இறுதியில் நடுவர்கள் முன் சில நிமிட உரை. இவ்வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைப் பங்கேற்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. வந்த வழியில் அது ஒன்றை இழந்திருக்கிறது. அவ்விழப்பை ஒவ்வோர் அணியும் தன் அறைக்குள் மீண்டும் நிகழ்த்துகிறது.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன்; மொழியியல் படித்தவர்களின் பழக்கதோஷம். 'கேஸ்' என்பதற்கு மூலமான லத்தீன் 'காசுஸ்' வீழ்தலைக் குறித்தது. பின்னர் 'நேர்ந்தது' என்ற பொருளுக்கு விரிந்தது. ஐரோப்பிய இலக்கணத்தில் வேற்றுமைக்கும் இதே பெயர்தான். தமிழில் 'வழக்கு' நீதிமன்றத்தில் நடப்பதையும் குறிக்கும், உலகோரின் நடைமுறையையும் பேச்சையும் குறிக்கும். ஆகவே 'நிகழ்வாய்வு' என்பதைவிட 'வழக்காய்வு' எனக்கு உவப்பானது. அச்சொல் நினைவூட்டும் சட்டத்துறையில்தான் இவ்வரலாறும் தொடங்குகிறது.

1870இல் ஹார்வர்டு சட்டப்பள்ளியின் தலைமையேற்ற கிறிஸ்டபர் கொலம்பஸ் லாங்டெல், விதிகளை ஒப்பிக்கச் செய்வதை விடுத்துத் தீர்ப்புகளையே மாணவர் கையில் கொடுத்தார். ஒப்பந்தச் சட்டம் குறித்த அவரது தீர்ப்புத் தொகுப்பு 1871இல் வெளிவந்தது. 1908இல் அதே பல்கலைக்கழகத்தில் வணிகப்பள்ளி தொடங்கியபோது, அதன் முதல் தலைவரும் பொருளாதார வரலாற்றறிஞருமான எட்வின் கே இம்முறையைத் தம் பள்ளிக்கும் கொண்டுவர விரும்பினார். ஆனால் வணிகர்களின் முடிவுகள் தீர்ப்புகளைப் போல அச்சாவதில்லை. மாணவருக்குப் படிக்க எதைக் கொடுப்பது?

விடை 1911-12 கல்வியாண்டில், சிகாகோப் பதிப்பாளர் ஆர்ச் ஷா நடத்திய வணிகக் கொள்கை வகுப்பில் உருப்பெற்றது. வணிகர் ஒருவர் நேரில் வந்து தம் நிறுவனத்தின் சிக்கலை விளக்குவார். அடுத்த அமர்வில் மாணவர்கள் தத்தம் பகுப்பாய்வையும் பரிந்துரையையும் எழுத்தில் ஒப்படைப்பார்கள். மூன்றாம் அமர்வில் அதே வணிகர் அவ்வறிக்கைகளை வகுப்போடு விவாதிப்பார். சிக்கல், அவகாசம், பரிந்துரை, துறையறிந்தவரின் மதிப்பீடு என இன்றைய போட்டியின் எலும்புக்கூடு முழுவதும் இதில் இருக்கிறது. இல்லாதவை இரண்டே: அணியும் வெற்றியாளரும். அவரவர் அறிக்கை அவரவருடையதாக இருந்ததால், பரிந்துரைகள் ஒன்றோடொன்று முரண்பட இடமிருந்தது.

பிறகு அச்சு வந்தது. 1919இல் தலைமையேற்ற வாலஸ் டானம் சட்டம் பயின்றவர். வழக்காய்வைப் பள்ளியின் மையமுறையாக்கினார். மெல்வின் கோப்லண்டின் சந்தையியல் தொகுப்பு 1920இல் வெளிவந்தது. 1921இல் கிளிண்டன் பிடில் எழுதிய 'ஜெனரல் ஷூ கம்பெனி' முதல் எழுத்துவடிவ வழக்காய்வாகக் கருதப்படுகிறது. பணிநேரம் முடியும் முன்பே வேலையை நிறுத்திவிடும் தொழிலாளர்களைப் பற்றிய சிறு குறிப்பு அது.

இந்தியாவுக்கு இம்முறை அகமதாபாத் வழியே வந்தது. 1961 நவம்பரில் தோன்றிய கல்கத்தா ஐ.ஐ.எம்., எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளியைத் துணைகொண்டது. டிசம்பரில் தோன்றிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டைத் துணைகொண்டது. அகமதாபாத்தின் தொடக்ககால ஆசிரியர்கள் பலர் ஹார்வர்டில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். அமெரிக்க வழக்காய்வுகளை மட்டுமே நடத்திக்கொண்டிராமல் இந்திய நிறுவனங்களைப் பற்றி எழுதினர்; வேளாண்மையையும் மேலாண்மைக்குரிய களமாக ஏற்றனர். ஹார்வர்டின் நகல் என்று அந்நிறுவனத்தை எளிதில் ஒதுக்குபவர்கள் இவ்வுழைப்பைக் காணத் தவறுகிறார்கள்.

போட்டி வேறொரு மரபு. மான்ட்ரியல் நகரின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் 1981இல் தொடங்கிய ஜான் மோல்சன் போட்டி இவ்வகையில் மூத்தவற்றுள் ஒன்று. இந்தியாவில் பெருநிறுவனங்களே புரவலர்களாயின. ஹிந்துஸ்தான் யூனிலீவர் 'லைம்' நடத்துகிறது; மகிந்திரா குழுமத்தின் போட்டிக்கு 'வார் ரூம்' என்றே பெயர். வகுப்பறை போர் அறையாகப் பெயர்மாறியதைச் சொல்லாய்வாளர் கவனிக்காமல் கடக்க முடியாது. 'கேஸை கிராக் செய்தோம்' என்னும் மாணவர் வழக்கும் அப்படிப்பட்டதே: உடைத்துத் திறந்தால் உள்ளே ஒரே பருப்பு இருக்கும் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது.

நியாய சூத்திரம் இவ்வேறுபாட்டை நன்கறியும். உண்மையைத் தெளிய நடத்துவது வாதம்; வெல்வதற்காக நடத்துவது ஜல்பம்; தனக்கென நிலைப்பாடின்றி எதிராளியின் நிலையைத் தகர்ப்பது மட்டும் விதண்டை. வழக்காய்வு வகுப்பு வாதமாகப் பிறந்தது, போட்டி அதை ஜல்பமாக்கியது.

ஆனால் ஜல்பத்தில்கூட எதிர்த்தரப்பு கண்ணெதிரே நிற்கும். அணிப்போட்டியில் எதிர்த்தரப்பு அணிக்குள்ளேயே பிறந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. ஒருவர் கணக்கைப் பார்க்கிறார், ஒருவர் சந்தையை, ஒருவர் செயலாக்கத்தை, ஒருவர் ஸ்லைடுகளை. 'இந்த ஆலையை மூடுவது தவறு' என்று கணக்குப் பார்த்தவர் நள்ளிரவில் சொன்னால், அவர் சொல்வது சரியா என்பதைவிட, விடிவதற்குள் ஸ்லைடுகளை மாற்ற முடியுமா என்பதே முடிவைத் தீர்மானிக்கும். நடுவர் கேட்டால் காட்டலாம் என்று அவரது மறுப்பு பின்னிணைப்பு ஸ்லைடுகளுக்குப் போகும். கேட்காவிட்டால் அப்படியொரு மறுப்பு இருந்ததற்கான தடயமே இராது. மறுநாள் நால்வரும் ஒரே குரலில் ஆலையை மூடப் பரிந்துரைப்பார்கள்.

வழக்காய்வு எந்தத் துறையிலிருந்து இரவல் பெறப்பட்டதோ, அத்துறையில் நிலைமை வேறு. பெரும்பான்மைத் தீர்ப்போடு மாறுபட்ட தீர்ப்பும் அச்சாகிறது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் ஐவர் அமர்வில் எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. 41 ஆண்டுகள் கழித்தும் எடுத்துப் படிக்கக் கன்னாவின் பக்கங்கள் இருந்தன.

போட்டி நடத்தும் ஆசிரியர்கள் இதைப் பரிசீலிக்கலாம்: ஒவ்வோர் அணியும் பரிந்துரையோடு, அதை ஏற்காத உறுப்பினர் ஒருவர் தம் பெயரில் எழுதிய ஒரு பக்கத்தையும் தரட்டும். அதற்கும் மதிப்பெண் இருக்கட்டும். இல்லையேல் யாரும் எழுதமாட்டார்கள். எல்லோரும் உடன்பட்ட அணி, அப்பக்கத்தை வெறுமையாக விட்டு, ஏன் மாற்றுக்கருத்தே எழவில்லை என்ற நடுவரின் கேள்விக்கு விடை சொல்லட்டும்.