தேத்தூளுக்குள் ஒரு முறம்

ஹட்டன் கடைவீதியில் தேத்தூள் வாங்கினால், பொட்டலத்தின் மேல் பி.ஓ.பி.எஃப். என்ற எழுத்துகளைப் பார்க்கலாம். ப்ரோக்கன் ஆரஞ்ச் பெக்கோ ஃபேனிங்ஸ். இதில் 'பெக்கோ' சீனத்து ஹொக்கியன் பேச்சிலிருந்து வந்தது. இளங்கொழுந்தின் வெள்ளைப் பூமயிரைக் குறித்தது. கடைசியில் நிற்கும் 'ஃபேனிங்ஸ்' வந்த வழி இன்னும் நீளம்.

ஃபேன் என்றால் இன்று மின்விசிறி. ரோமானியரின் லத்தீனிலோ 'வன்னுஸ்' என்பது தானியம் புடைக்கும் கூடை, அதாவது நம் முறம், சுளகு. அரைக்குமுன் பதரைப் போக்க வேண்டுமே! கூடையோடு சொல்லும் பழைய ஆங்கிலத்துக்குள் போனது. புடைத்தால் காற்று எழும். அதனால் பிற்காலத்தில் கைவிசிறிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நடிகர்களுக்கு இருக்கும் ஃபேன் மட்டும் வேறு குடும்பம். அது 'ஃபனாட்டிக்' என்பதன் சுருக்கம்.

கைப்பிடியைச் சுழற்றிக் காற்றெழுப்பித் தூற்றும் பெட்டியைச் சீனர்கள் மிகப் பழங்காலத்திலேயே செய்திருந்தார்கள். அத்தகைய பொறியை 1710இல் ஒல்லாந்துக்குப் போய்க் கற்றுவந்து ஸ்கொட்லாந்தில் செய்தவர் ஜேம்ஸ் மைக்கல் என்ற ஆலைத்தச்சர். காற்றை எழுப்புவது கடவுளின் வேலை, இது பிசாசின் காற்று என்று பக்தர்கள் சிலர் எதிர்த்தார்கள். பொறி நின்றுவிடவில்லை.

அதே ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர்தான் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். முதலில் பங்களா விறாந்தையில் கையால்தான் கொழுந்து உருட்டினார்கள். இயந்திரங்கள் பின்னால் வந்தன. அசாம் பக்கத்துக் கச்சாரில் தேயிலைத் தொழில் பழகிய சாமுவேல் டேவிட்சன், பெல்ஃபாஸ்டில் 1881இல் தொடங்கிய தொழிற்சாலைக்கு 'சிரோக்கோ' என்று பாலைவனத்து வெப்பக்காற்றின் பெயரை வைத்தார். தேயிலை உலர்த்தப் பிறந்த அவருடைய காற்றுப்பொறிகள் கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும்கூடப் போயின.

லயத்து வாசலில் அரிசி புடைக்கும் அம்மாயி செய்வதைத்தான் தோட்டத்து ஸ்டோரில் சல்லடையும் காற்றும் செய்கின்றன. பெரிய தூள் ஒருபக்கம், அதைவிடப் பொடியானது இன்னொரு பக்கம். அந்தப் பொடிதான் ஃபேனிங்ஸ். பேரைக் கேட்டால் புடைத்து ஒதுக்கியது போல இருக்கிறது. அப்படி நினைப்பது தவறு. 1908 வாக்கில் நியூயோர்க் வியாபாரி தோமஸ் சலிவன் மாதிரித் தேயிலையைப் பட்டுப் பைகளில் அனுப்ப, வாங்கியவர்கள் பையோடு வெந்நீரில் போட்டார்கள் என்றொரு கதை உண்டு. தேநீர்ப் பை பரவியபோது, சீக்கிரம் சாயம் இறங்கும் இந்தப் பொடிக்குத்தான் கிராக்கி வந்தது.

அடுத்த முறை பொட்டலம் வாங்கும்போது அந்தக் கடைசி எழுத்தைப் பாருங்கள். அது முறம்.