மரத்துப்போன பாதங்களும் எழுபதாண்டு விவாதமும்

நீரிழிவு நோயாளர் பலருக்குப் பாதம் முதலில் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது, பின்னர் மரத்துப்போகிறது. வலி நின்றதை நோய் தணிந்ததாக எண்ணி மகிழ்பவனே பெரிதும் ஏமாறுகிறான். வெறுங்காலோடு வயலில் இறங்கும் உழைப்பாளியின் பாதத்தில் ஆணி ஏறினாலும் அவன் அறியான். புண் அழுகிய பின்னரே வைத்தியசாலையை நாடுகிறான். காலையே இழந்து திரும்புவோர் பலர்.

இந்நரம்புக் கேட்டுக்கும் குருதியிலுள்ள சீனிக்கும் உள்ள உறவை அறிய மருத்துவ உலகுக்கு நெடுங்காலம் பிடித்தது. நரம்பின் கோளாறே நீரிழிவைத் தருகிறது எனத் தலைகீழாக நம்பிய காலமும் உண்டு. நீரிழிவே நரம்பைக் கெடுக்கிறது என்று 1864இல் எடுத்துரைத்தவர் பிரெஞ்சு வைத்தியர் மார்ஷால் தெ கால்வி.

1922இல் ரொறொன்ரோவில் இன்சுலின் 14 வயதுச் சிறுவனொருவனின் உயிரைக் காத்தது. கண்டுபிடித்தோர் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். சந்தையில் அதற்குப் பின்னாளில் வைக்கப்பட்ட விலையைக் கண்டவர்கள் இதை நம்பச் சிரமப்படுவர்! உயிர் தப்பியோர் பல்லாண்டு வாழ்ந்தனர்; வாழ்ந்ததாலேயே கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் மெல்லப் பழுதாவது வெளிப்பட்டது.

சீனியைக் கட்டுப்படுத்தினால் இவற்றைத் தடுக்கலாமா? ஆம் என்றனர் ஒரு சாரார். இவை நோயோடு உடன்பிறந்தவை, தடுக்க இயலாதவை என்றனர் மறு சாரார். 1947 முதல் 1973 வரை தாம் கவனித்த 4,400 நோயாளரின் விபரங்களை 1978இல் பெல்ஜிய வைத்தியர் பிரார் வெளியிட்டார். கட்டுப்பாடு குன்றியோரிடம் நரம்புக் கேடு மிகுந்திருந்தது. ஆயினும் ஐயம் தீர்ந்தது 1993இலேயே. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், கடுங்கட்டுப்பாட்டுப் பிரிவினரிடம் நரம்புக் கேடு ஏறத்தாழ 60 வீதம் குறைந்திருந்தது. இவர்கள் இன்சுலினை நம்பியே வாழும் முதல் வகை நோயாளர். பெரும்பாலோரைப் பீடிக்கும் இரண்டாம் வகையில் பயன் இத்துணை பெரிதன்று. அங்கே குருதிக் கொழுப்பும் உடற்பருமனும் பங்குகொள்கின்றன.

கட்டுப்பாடு என்பது வெறும் மனவுறுதியன்று. அவ்வாய்வில் அதன் பொருள், நாளொன்றுக்கு மூன்று ஊசிக்குக் குறையாத இன்சுலின் அல்லது அதைச் செலுத்தும் கருவி, நான்கு முறை குருதிச் சோதனை, மாதந்தோறும் வைத்தியரின் பார்வை. நோயாளி வாயைக் கட்டவில்லை என்று பழிசுமத்துவோர் இதைக் கவனித்தல் வேண்டும். ஆய்வு முடிந்ததும் அவரவர் தத்தம் வைத்தியரிடம் திரும்பினர். ஏறக்குறைய மூன்று மாதச் சீனி நிலையைக் காட்டும் குருதி அளவை 7 வீதமளவில் வைத்திருந்த அப்பிரிவினர், சில ஆண்டுகளிலேயே 8 வீதத்தை எட்டிவிட்டனர்.